அப்பா இறந்தால் பிள்ளை யாருக்குச் சொந்தம்? இடைக்கால இங்கிலாந்தின் வார்டுஷிப்பும் நில வாரிசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்யூடர் காலத்துக் கதை எதையாவது பார்த்துவிட்டோ படித்துவிட்டோ வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது, அந்தப் பையனை ஏன் எவனோ ஒரு பிரபு தூக்கிக்கொண்டு போகிறான்? ஒவ்வொரு முறையும் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: எஸ்டேட் என்றதும் நீலகிரித் தேயிலை நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். இது கிட்டத்தட்ட ஜமீன் மாதிரியான விஷயம்.

வார்டுஷிப் என்றால் அநாதைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுதானே?

பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். 1066இல் நார்மன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நாட்டில் உள்ள நிலம் எல்லாம் கடைசியில் அரசருடையது என்ற கணக்கு வந்துவிட்டது. அரசர் பெரிய பிரபுக்களுக்குக் கொடுப்பார், அவர்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள், பதிலுக்குக் குதிரை வீரர்களோடு போருக்கு வர வேண்டும். நிலம் வைத்திருந்தவர் இறந்து, வாரிசு ஏழு வயதுப் பையன் என்றால் போருக்கு யார் போவது? அதனால் பையன் பெரியவனாகும் வரை நிலம் மேலே இருக்கும் பிரபுவின் கைக்குத் திரும்பும். இதுவரை நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 12ஆம் நூற்றாண்டிலேயே ஆள் அனுப்புவதற்குப் பதிலாகப் பணம் கட்டிவிடும் வழக்கம் வந்துவிட்டது, அப்போதும் வார்டுஷிப் போகவில்லை, ஏனென்றால் அதற்குள் அது கொழுத்த வருமானமாக ஆகியிருந்தது.

பிரபுவுக்குக் கிடைத்தவை மூன்று. மைனரின் நில வருமானம் முழுவதும், கணக்கே காட்ட வேண்டாம். மைனரின் உடல், அதாவது பிள்ளை யார் வீட்டில் வளர வேண்டும் என்ற முடிவு. அப்புறம் அந்தப் பிள்ளையை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்ற உரிமை. இந்த மூன்றையும் சேர்த்தோ தனித்தனியாகவோ விற்கலாம், பரிசாகக் கொடுக்கலாம், கடனுக்கு ஈடாக வைக்கலாம். ஒரே பையனின் நிலம் ஒருவரிடமும், திருமண உரிமை இன்னொருவரிடமும் இருப்பது சாதாரணமாக நடந்தது.

அம்மா இருக்கிறாளே, அவளுக்கு ஒன்றும் இல்லையா?

படைச்சேவை நிலத்தில் சட்டப்படி ஒன்றும் இல்லை. 1100இல் முடிசூடிய முதலாம் ஹென்றி, மனைவியோ நெருங்கிய உறவினரோதான் நிலத்துக்கும் பிள்ளைகளுக்கும் காவலாக இருப்பார்கள் என்று சாசனமே எழுதிக்கொடுத்தார். அது ஏட்டுச் சுரைக்காயாகவே போயிற்று. நடைமுறையில் அம்மாவுக்கு இருந்த வழி, தன் பிள்ளையின் வார்டுஷிப்பைப் பணம் கட்டித் தானே வாங்கிக்கொள்வது. பலர் வாங்கினார்கள். பெற்ற பிள்ளையை விலைக்கு வாங்குவது என்று நாம் சொல்வோம், அன்றைக்கு அது வெறும் ரசீதில் ஒரு வரி.

இதற்கு அவர்கள் சொன்ன சமாதானம் ஒன்று உண்டு. அடுத்த வாரிசாக வரக்கூடிய சித்தப்பன் கையில் பிள்ளையைக் கொடுத்தால் அது பாலுக்குப் பூனை காவல் வைத்த கதைதான், பிள்ளை செத்தால் சொத்து அவனுக்கு அல்லவா? பங்காளிக் காய்ச்சலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத வாதம் இல்லை. ஆனால் மேல்பிரபுவும் பூனைதான் என்பதை மட்டும் அவர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

எல்லா நிலத்துக்கும் இதே கதியா?

இல்லை. போருக்குப் போகும் கடமை இல்லாமல் வாடகை போல ஏதோ ஒன்று கட்டி வைத்திருந்த நிலத்துக்கு சாக்கேஜ் என்று பெயர். அங்கே கார்டியன் உறவினர்தான், அதிலும் அந்தச் சொத்து எந்தக் காலத்திலும் யாருக்குப் போய்ச் சேராதோ அந்த உறவினர். நிலம் அப்பா வழியில் வந்திருந்தால் கார்டியன் அம்மா வழியில் வருவார். அம்மாவே இருக்கலாம், தாய்மாமன் இருக்கலாம். பிள்ளைக்கு 14 வயது ஆனதும் வரவு செலவுக் கணக்கு ஒப்பிக்க வேண்டும், 1267ஆம் ஆண்டு மார்ல்பரோ சட்டம் அதை உறுதிப்படுத்தியது. இதைத்தான் நான் உண்மையான கார்டியன்ஷிப் என்பேன்.

கென்ட் மாவட்டம் இன்னும் தனி ரகம். அங்கே மூத்தவனுக்கு மட்டும் என்று இல்லாமல் மகன்கள் எல்லாருக்கும் சமபங்கு, 15 வயதில் மேஜர், விதவைக்குப் பாதி. மற்ற இடங்களில் குற்றவாளியைத் தூக்கில் போட்டால் நிலம் அவனுடைய மேல்பிரபுவுக்குப் போய்விடும், கென்ட்டில் மகனுக்கே வரும். "அப்பன் கிளைக்கு, மகன் கலப்பைக்கு" என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. சில ஊர்களில் தலைகீழாகக் கடைக்குட்டிதான் வாரிசு.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒருவர் பத்துப் பிரபுக்களிடம் நிலம் வைத்திருந்து, அதில் ஒரே ஒரு துண்டு அரசரிடமிருந்து நேரடியாகப் படைச்சேவைக்கு வந்தது என்றால், அரசர் பத்து இடத்து நிலத்தையும் எடுத்துக்கொள்வார். மற்ற பிரபுக்கள் வாயில் விரல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால்தான் யாராவது இறந்ததும் அரசரின் அதிகாரி எஸ்சீட்டர் ஊருக்கு வந்து, உள்ளூர் ஆட்களைச் சத்தியம் வைத்து, இவர் எங்கெங்கே எவ்வளவு நிலம் வைத்திருந்தார், யாரிடமிருந்து, வாரிசு யார், வயது என்ன என்று விசாரிப்பார். அந்த விசாரணைக்கு வரும் உத்தரவு "தன் இறுதி நாளை முடித்துக்கொண்டார்" என்ற பொருள்படும் லத்தீன் சொற்களாலேயே அழைக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டு தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரைக்கும் இந்த அறிக்கைகள் கட்டுக்கட்டாக மிஞ்சியிருக்கின்றன, குடும்ப வரலாறு தோண்டுகிறவர்களுக்குப் புதையல்.

எத்தனை வயதில் மேஜர்?

படைச்சேவை நிலம் என்றால் ஆணுக்கு 21. பெண்ணுக்கு 14, ஆனால் அவளுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்றால் 16 வரை பிரபு நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று 1275இல் சட்டம் போட்டார்கள். நகரத்து வியாபாரி மகனுக்கு வயதே கிடையாது. காசை ஒழுங்காக எண்ணவும் துணியை அளக்கவும் அப்பாவின் தொழிலைப் பார்க்கவும் தெரிந்தால் அவன் மேஜர் என்கிறது 12ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்று. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

பிறப்புச் சான்றிதழே இல்லாத காலத்தில் வயதை எப்படி நிரூபித்தார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம். 21 ஆனவன் நிலத்தைத் திருப்பிக் கேட்டால், அவன் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் 12 பேரைக் கூட்டுவார்கள். எல்லாரும் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். ஒவ்வொருவரும் எழுந்து, ஆமாம், இவனுக்கு வயது ஆகிவிட்டது, எனக்கு எப்படித் தெரியும் என்றால் என்று தொடங்குவார். அன்றைக்கு எனக்கு மகன் பிறந்தான். அன்றைக்குக் குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. அந்த வாரம்தான் என் வீடு எரிந்தது. அன்று சர்ச்சில் பையனைக் கழுவும்போது தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்திருந்தது நான்தான். நம் பாட்டிகள் "பெரிய புயல் அடிச்ச வருஷம் பொறந்தவ" என்று சொல்வார்களே, அதே கணக்கு, நீதிமன்ற முத்திரையோடு.

படிக்கப் படிக்க ஒரு கிராமமே கண்முன் நிற்கும். ஆனால் உருகிவிடாதீர்கள். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வாரிசுகளுக்கு, அச்சு அசலாக அதே கால் ஒடிந்த கதை அதே வரிசையில் வருவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். குமாஸ்தா பழைய கட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார், வேறென்ன.

பெண் பிள்ளைகளுக்குச் சொத்து உண்டா?

மகன் இருந்தால் இல்லை, மூத்த மகன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான், தம்பிகளுக்கும் இல்லை. மகனே இல்லை என்றால் மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு. இதனால்தான் பெரிய எஸ்டேட்டுகள் திடீரென்று சிதறும். வில்லியம் மார்ஷல் என்ற புகழ்பெற்ற வீரர் சொந்தமாக நிலம் அதிகம் இல்லாதவர், 1189இல் அரசரின் காவலில் இருந்த இசபெல் டி கிளேரைக் கட்டிக்கொண்டதும் ஒரே நாளில் நாட்டின் பெரும் பிரபுக்களில் ஒருவரானார். அவருக்கு ஐந்து மகன்கள். ஐவரும் ஒருவர் பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்து, வாரிசு இல்லாமலே இறந்தார்கள், 1245இல் கடைசி மகனும் போக, சொத்து ஐந்து மகள்களின் வழியில் துண்டு துண்டானது.

இன்னொரு கிளேர் குடும்பக் கதை இதைவிடச் சுவையானது. குளொஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர் 1314இல் பானக்பர்ன் போரில் இறந்தபோது பிள்ளை இல்லை, மூன்று சகோதரிகள் பங்குக்கு நின்றார்கள். அவருடைய விதவை மாட், நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்றார். சரி, குழந்தை பிறக்கட்டும் என்று பங்கு பிரிப்பதை நிறுத்தினார்கள். பத்து மாதம் ஆயிற்று, குழந்தை வரவில்லை. ஒரு வருடம் ஆயிற்று. இன்னும் கர்ப்பம்தான் என்றார். 1317 வரை இழுத்துத்தான் பிரித்தார்கள். அதுவரை அவ்வளவு பெரிய எஸ்டேட் அரசர் இரண்டாம் எட்வர்டின் கையில் இருந்தது என்பதையும், மூத்த சகோதரியின் கணவர் டிஸ்பென்சர் பொறுமையிழந்து குதித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கர்ப்பம் ஏன் அவ்வளவு நீண்டது என்று ஓரளவு புரியும்.

கடைசித் தங்கை எலிசபெத் அப்போது இளம் விதவை. அவளைப் பங்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, 1316இல் பிரிஸ்டலிலிருந்து தியோபால்ட் டி வெர்டன் என்பவர் தூக்கிக்கொண்டே போய்விட்டார். அந்தக் கணவரும் ஆறு மாதத்தில் இறந்தார். பிறகு அரசர் தன் ஆள் ஒருவருக்கு அவளைக் கட்டிவைத்தார். அவரும் போன பிறகு எலிசபெத் மறுபடி திருமணமே செய்துகொள்ளவில்லை. கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரி அவர் பணத்தில் நின்றது.

பிரபு பார்க்கும் வரனை மறுக்க முடியுமா?

முடியும், காசு இருந்தால். 1236ஆம் ஆண்டு மெர்டன் சட்டப்படி, பிரபு பார்த்த வரனை வேண்டாம் என்ற வார்டு, அதாவது பிரபுவின் காவலில் இருக்கும் மைனர், மேஜரானதும் அந்தத் திருமணத்துக்குச் சந்தையில் என்ன விலை கிடைத்திருக்குமோ அதைக் கட்ட வேண்டும். பிரபுவைக் கேட்காமல் தானாகக் கட்டிக்கொண்டால் இரண்டு மடங்கு. பிரபுவுக்கு இருந்த ஒரே கட்டுப்பாடு, அந்தஸ்தில் தாழ்ந்த இடத்தில், உதாரணமாகப் பண்ணையடிமைக் குடும்பத்திலோ நகர வியாபாரி வீட்டிலோ கட்டிவைக்கக் கூடாது என்பதுதான்.

இதை அனுபவித்த ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். ஸ்டீபன் ஸ்க்ரோப் என்பவரின் தாய் 1409இல் சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் என்ற படைத்தளபதியை மறுமணம் செய்துகொண்டார். அந்த மாற்றாந்தகப்பன் பையனின் வார்டுஷிப்பை 500 மார்க்குக்கு ஒரு தலைமை நீதிபதிக்கு விற்றார், பிறகு திரும்பவும் வாங்கினார். ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. என்னை ஒரு மிருகத்தைப் போல வாங்கி விற்றார் என்று ஸ்க்ரோப் பிற்காலத்தில் குமுறினார். அதே மனிதர் இன்னோர் இடத்தில், கையில் காசில்லாமல் என் சின்ன மகளைக் கிடைக்க வேண்டிய விலையைவிடக் குறைத்து விற்க வேண்டியதாயிற்று என்று வருத்தப்படுகிறார். மகளை விற்றதற்கு அல்ல, விலை குறைந்ததற்கு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடம் தொண்டையில் நிற்கும்.

விதவைகளின் நிலை?

கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் முழுக்க. நம் ஊர்ச் சட்டத்தில் அன்றைக்கு இருந்த ஜீவனாம்சத்தை நினைத்தால் மோசமில்லை. ஆனால் அந்தப் பங்கு இருப்பதாலேயே அவளைக் கட்ட வரிசையில் நிற்பார்கள், அரசரின் நேரடி நிலக்காரர் மனைவி என்றால் அரசர் அனுமதி இல்லாமல் மறுமணம் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். 1185இல் அரசரின் கையில் இருந்த விதவைகளையும் வார்டுகளையும் 12 மாவட்டங்களில் கணக்கெடுத்த பட்டியல் இன்றும் இருக்கிறது. இன்னாருக்கு வயது இவ்வளவு, மகன் இத்தனை, மகள் இத்தனை, நிலத்தின் மதிப்பு இவ்வளவு, இன்னும் இத்தனை ஆடு விட்டால் இவ்வளவு தேறும். பெண்ணின் வயதும் ஆட்டு மந்தையும் ஒரே பத்தியில்.

மறுமணம் வேண்டாம் என்பதற்கும் கட்டணம் உண்டு. ஓமால் சீமாட்டி ஹவிஸ் மூன்று கணவர்களைப் பார்த்தவர், அதில் இரண்டாமவரை வேண்டாம் என்று முரண்டு பிடித்தபோது அரசர் அவருடைய பொருட்களைப் பறிமுதல் செய்துதான் வழிக்குக் கொண்டுவந்தார். மூன்றாமவர் 1212இல் இறந்ததும், தன் சொத்தைத் தன்னிடம் விடவும் இன்னொரு கல்யாணத்துக்கு வற்புறுத்தாமல் இருக்கவும் அரசர் ஜானுக்கு 5,000 மார்க் தர ஒப்புக்கொண்டார்.

மாக்னா கார்ட்டா இதையெல்லாம் சரிசெய்யவில்லையா?

ஒழிக்கவில்லை, ஓரங்களைச் செதுக்கியது. மாக்னா கார்ட்டா என்பது 1215இல் கலகம் செய்த பிரபுக்கள் அரசர் ஜானிடம் வாங்கிய சாசனம். அதன் தொடக்கப் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள், திருச்சபையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு உடனே வாரிசு, வார்டு, விதவை என்றுதான் போகிறது. மக்கள் உரிமை எல்லாம் பிறகு. வாரிசு பட்டத்துக்கு வரும்போது கட்ட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வந்தது, பிரபுவின் முழு எஸ்டேட்டுக்கு 100 பவுண்டு, ஒரு குதிரை வீரர் நிலத்துக்கு 100 ஷில்லிங். வார்டாக இருந்து வருகிறவன் அதையும் கட்ட வேண்டாம், அத்தனை வருட வருமானத்தைத்தான் ஏற்கெனவே உறிஞ்சியாயிற்றே. கார்டியன் வீட்டையும் மீன்குளத்தையும் ஆலையையும் பழுதாக விடக் கூடாது, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏரும் இருக்க வேண்டும். விதவையைக் கட்டாயப்படுத்தி மறுமணம் செய்விக்கக் கூடாது. கணவன் இறந்து 40 நாள் வரை அவள் அந்த வீட்டிலேயே இருக்கலாம்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெஃப்ரி டி மாண்டவில், அரசரின் முன்னாள் மனைவியான குளொஸ்டர் இசபெல்லாவைக் கட்ட 20,000 மார்க் தருவதாக எழுதிக்கொடுத்திருந்தார். அடுத்த ஆண்டு அவர் கலகக்காரர்கள் பக்கம் நின்றதில் ஆச்சரியம் உண்டா?

உயில் எழுதித் தப்பிக்க முடியாதா?

படைச்சேவை நிலத்தை உயிலில் எழுதவே முடியாது, 1540 வரை. வக்கீல்கள் கண்டுபிடித்த வழி, உயிரோடு இருக்கும்போதே நிலத்தை நம்பகமான நண்பர்கள் நான்கைந்து பேர் பெயரில் மாற்றிவிடுவது, அனுபவிப்பது மட்டும் தான். நண்பர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சாக மாட்டார்கள், ஒருவர் போனால் இன்னொருவரைச் சேர்க்கலாம், ஆக சட்டத்தின் கண்ணில் நிலத்துக்காரர் சாவதே இல்லை. சாவே இல்லை என்றால் வார்டு எங்கிருந்து வரும்? இது நம் பினாமி மாதிரி இல்லையா என்று கேட்பவர்களுக்கு: மாதிரிதான், ஆனால் இதிலிருந்துதான் இன்றைய டிரஸ்ட் சட்டம் முளைத்தது. எட்டாம் ஹென்றி 1536இல் இந்த ஓட்டையை அடைத்தார், பிரபுக்கள் கத்திய கத்தலில் 1540இல் மூன்றில் இரண்டு பங்கை உயில் எழுத விட்டுக்கொடுத்தார்.

வார்டாக இருந்தவர் யாராவது பெரிய ஆளானாரா?

ஒருவர் அரசரே ஆனார். அவருடைய அம்மாவும் வார்டுதான், அங்கிருந்தே தொடங்குகிறேன். மார்கரெட் போஃபர்ட்டுக்கு ஒரு வயது ஆகும் முன்பே 1444இல் அப்பா போய்விட்டார். வார்டுஷிப் முதலில் சஃபக் பிரபுவுக்கு, அவர் சின்னஞ்சிறு பெண்ணைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தார், அது ரத்தானது. பிறகு எட்மண்ட் ட்யூடருக்கும் அவர் தம்பிக்கும். எட்மண்ட் 1455இல், அவளுக்கு 12 வயதில், தானே கட்டிக்கொண்டார். உடனே பிள்ளை வேண்டும் என்று ஏன் இத்தனை அவசரம்? மனைவியின் நிலம் கணவனுக்கு ஆயுள் முழுக்க வர வேண்டும் என்றால் ஒரு குழந்தை உயிரோடு பிறக்க வேண்டும், அது அழுத குரல் நான்கு சுவருக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அந்தக் குரலைக் கேட்க எட்மண்ட் இல்லை, 1456 நவம்பரில் இறந்துவிட்டார். 1457 ஜனவரியில் பெம்புரோக் கோட்டையில் 13 வயதுப் பெண் பெற்றெடுத்தாள். பிறகு இரண்டு கணவர்கள் வந்தும் அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவே இல்லை.

அப்பா இல்லாமல் பிறந்த அந்தப் பையனும் பிறக்கும்போதே வார்டு. அவனுடைய வார்டுஷிப்பையும் திருமண உரிமையையும் 1462இல் வில்லியம் ஹெர்பர்ட் 1,000 பவுண்டுக்கு வாங்கி, ராக்லன் கோட்டையில் வளர்த்து, தன் மகள் மாடுக்குக் கட்டத் திட்டமிட்டார். 1469இல் ஹெர்பர்ட்டின் தலை போனது, பையன் பிறகு பிரிட்டனிக்குத் தப்பினான், 1485இல் ஏழாம் ஹென்றியாகத் திரும்பி வந்தான். வந்தவர் வார்டுஷிப்பை ஒழித்தாரா? விட்டுப்போன வார்டுகளைத் தேடிப் பிடித்து வசூல் செய்ய 1503இல் தனி அதிகாரியையே போட்டார். மகன் எட்டாம் ஹென்றி 1540இல் அதை ஒரு முழு நீதிமன்றமாகவே ஆக்கினார்.

கடைசியில் எப்போது ஒழிந்தது?

1646இல் உள்நாட்டுப் போரின் நடுவே நாடாளுமன்றம் நிறுத்தியது, 1660இல் சட்டப்படி முடிந்தது. அரசருக்குப் போன வருமானத்துக்கு ஈடாக பீர், சைடர், காப்பி, தேநீர் மீது வரி போட்டார்கள். நிலக்காரர்களின் சுமையைக் குடிகாரர்கள் தலையில் ஏற்றிய கதை. தன் பிள்ளைக்கு யார் கார்டியன் என்று அப்பாவே உயிலில் எழுதலாம் என்பதும் அதே சட்டத்தில்தான் வந்தது.

நம் ஊரில் கேள்விப்படும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் இதுதானா?

பெயர் இதிலிருந்து வந்தது, வேலை வேறு. இங்கிலாந்தில் மூடிய கடையின் பலகையைக் கம்பெனிக்காரர்கள் இங்கே மாட்டினார்கள். சென்னை மாகாணத்தில் 1804ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ரெவின்யூ போர்டுதான் அந்தக் கோர்ட். மைனர் ஜமீன்தாரின் எஸ்டேட்டை நடத்தி, கடன் அடைத்து, பையனைப் படிக்கவைத்து, கணக்கோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதி 1873இல் இறந்தபோது மகன் பாஸ்கர சேதுபதி சிறுவன். எஸ்டேட் கோர்ட்டின் கைக்குப் போனது, பையன் சென்னையில் ஆங்கிலேய ஆசிரியரிடம் படித்தார், 1889இல்தான் ஜமீன் அவர் கைக்கு வந்தது. கல்யாணத்தை யாரும் ஏலம் போடவில்லை.